மூடிய டிவி யூனிட்டும் வேலூர் வெயிலும்: சத்துவாச்சாரியிலிருந்து ஒரு ரிவ்யூ

வேலூரில் ஹால் சுவர் முழுக்க டிவி யூனிட் செய்து தரும் ஒரு மாடுலர் கடையில், பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வேலை கொடுத்தோம். கடைக்காரர்களோடு பணப் பேச்சு இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை. மரவேலைக்குத் தாராளமாக மார்க் தருவேன். காற்றோட்டத்துக்குப் பூஜ்யம்தான். இந்த ஊரில் யார் டிவி யூனிட் செய்தாலும் சன்மைக்கா கலரையும் லைட்டையும் பார்ப்பதற்கு முன்னால், டிவியின் சூடு எந்த வழியாக வெளியே போகும் என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் தர வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிளைவுட் நிஜமாகவே நல்ல பிளைவுட், தண்ணீர் பட்டாலும் தாங்கும் ரகம், வெட்டின ஓரத்தில் பார்த்தாலே தெரிகிறது. டிராயர் எல்லாம் மெதுவாக, சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. ஓரத்துப் பட்டை எங்கேயும் பிரியவில்லை. வேலைக்கு வந்த பையன்கள் தினமும் சாயங்காலம் மரத்தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள், அது பெரிய விஷயம், வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அந்தத் தூசியின் அருமை தெரியும். சொன்ன தேதிக்குக் கொஞ்சம் தள்ளித்தான் முடித்தார்கள், அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், பொங்கல் நேரத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டிவி 55 இன்ச். 55 என்பது மூலைக்கு மூலை அளவு, அகலம் அதில்லை. டிவியின் அகலம் சுமார் 123 சென்டிமீட்டர், உயரம் 71. கடையின் டிசைனர் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிய படத்தில் டிவிக்கு விட்ட குழி 50 இன்ச் அகலம், 30 இன்ச் உயரம், அதாவது 127-க்கு 76 சென்டிமீட்டர். பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் மிச்சம். போதாக்குறைக்கு, சுவரோடு சுவராக ஒட்டினதுபோல் தெரிய வேண்டும் என்று அந்தக் குழியின் ஓரம் முழுக்க பீடிங் என்கிற மெல்லிய மரப்பட்டை அடித்து, இருந்த இரண்டு சென்டிமீட்டரையும் பாதியாக்கி வரைந்திருந்தார்கள். பின்னால் முழுசாகப் பிளைவுட். மேலே லாஃப்ட், அதன் அடிப்பலகையில் டிவிக்கு நேர் மேலே புரொஃபைல் லைட், அதாவது அலுமினியப் பட்டைக்குள் பதித்த எல்இடி வரிசை, அதற்குக் கரண்ட்டை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியும் அங்கேயேதான். கீழே கண்ணாடிக் கதவு போட்ட அறை, அதற்குள் செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், ஸ்டெபிலைசர் மூன்றும். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் அப்போதே டிவியோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பெரும்பாலான கம்பெனி டிவிகளுக்கு அந்தப் புத்தகத்தில் ஆரம்பப் பக்கங்களிலேயே ஒரு படம் இருக்கும், டிவியைச் சுற்றி அம்புக்குறி போட்டு 10 சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்லியிருப்பார்கள். சில கம்பெனிகள் மேல் பக்கம் 30 சென்டிமீட்டர் வரை கேட்கின்றன. புத்தக அலமாரி மாதிரி மூடின இடத்தில் வைக்காதே, துணி போட்டு மூடாதே என்றும் இருக்கும். அதைவிட முக்கியமான வரி ஒன்று கடைசிப் பக்கங்களில், கரண்ட் விவரம் கொடுத்திருக்கும் இடத்தில் இருக்கிறது: டிவி வேலை செய்யும் சுற்றுப்புற வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் வரை. ஏறக்குறைய எல்லா டிவிக்கும் இதே 40தான்.

இந்த 40 என்ற எண்ணை வேலூர்க்காரர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். டிவி செய்தியில் வெயில் இன்று 104 என்று சொல்கிறார்களே, அதுதான் 40 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் கத்திரி தொடங்குவதற்கு முன்பே அதைத் தொட்டுவிடும், மே மாதத்தில் 41, 42 என்பது நமக்கு அதிசயமே இல்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, பாலாற்றில் மணல்தான், கடல் காற்று சென்னைக்கு வருவதுபோல் மதியம் இரண்டு மணிக்கு நமக்கு வந்து சேராது. அது வெளியில். வீட்டுக்குள் வேறு கணக்கு. நாங்கள் இருப்பது மேல் மாடி, தலைக்கு மேல் நேராகக் கான்கிரீட் தளம். பகல் முழுக்க அது வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து, பதினொன்று மணி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளித்தாலும், ஃபேன் ஓடினாலும், ஹாலில் எட்டு மணிக்கு 36, 37 டிகிரிக்குக் குறையாது. அத்தை சீரியல் பார்ப்பது சரியாக அந்த நேரத்தில்தான். அப்படியென்றால் கம்பெனி சொல்லும் எல்லைக்கும் எங்கள் ஹாலுக்கும் நடுவில் இருப்பது மூன்றே டிகிரி. பெங்களூரில், ஊட்டியில் இதே யூனிட்டைச் செய்தால் அங்கே 12, 15 டிகிரி இடைவெளி கையில் இருக்கும், டிவி எப்படியோ சமாளித்துவிடும். இங்கே அந்த இடைவெளியை வெயிலே சாப்பிட்டுவிட்டது. டிவியைக் குழிக்குள் வைத்தால் மிச்சமிருக்கிற மூன்றும் போய்விடும்.

இதையெல்லாம் சொன்னபோது கடையில் வந்த பதில்: "மேடம், இது எல்இடி மேடம், சூடே ஆகாது. அந்தக் காலத்து டப்பா டிவிதான் சூடாகும்."

இந்தப் பேச்சை நிறையப் பேர் நம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாம் எல்இடி டிவி என்று சொல்வது எல்சிடி டிவிதான், திரைக்குப் பின்னால் வெளிச்சத்துக்காக எல்இடி பட்டைகள் இருக்கும். ஒரு பல்ப் குறைந்த கரண்ட்டில் எரியும் என்பது உண்மைதான், ஆனால் 55 இன்ச் திரை முழுக்க வெளிச்சம் கொடுக்க அந்த மாதிரி டஜன் கணக்கில் வேண்டும். 55 இன்ச் டிவி சாதாரணமாக 100 முதல் 150 வாட் வரை இழுக்கும். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்ததே இலவச கலர் டிவி, 14 இன்ச், அதைவிட இது அதிகம். உள்ளே போகிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும், வேறு எங்கேயும் போகாது. இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த டப்பா டிவியை ஷோகேஸில் வைத்தபோது பின்னால் பலகையே இருக்காது, டிவியின் முதுகு துருத்திக்கொண்டு வெளியே நிற்கும், மேலேயும் ஓரடி இடம் இருக்கும். இப்போது டிவி ஒல்லியாகிவிட்டது என்று சொல்லி நாலு பக்கமும் அடைக்கிறார்கள். சூடு ஒல்லியாகவில்லை.

டிவியின் முதுகைப் பார்த்தால் கீழே ஒரு வரிசை ஓட்டை, மேலே ஒரு வரிசை ஓட்டை இருக்கும். கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, உள்ளே சூடாகி, லேசாகி, மேல் ஓட்டை வழியாகப் போகும். ஃபேன் எதுவும் கிடையாது, சூடான காற்று தானாக மேலே ஏறுவதை நம்பித்தான் டிவியே செய்யப்பட்டிருக்கிறது. மேலே லாஃப்ட் பலகையை ஒட்டி அடைத்தால் அந்தக் காற்று போக வழியில்லாமல் திரும்பக் கீழே சுற்றி வந்து டிவிக்குள்ளேயே நுழையும், மூடி போட்ட இட்லிப் பானைதான். கீழே சவுண்ட்பாரை டிவியோடு ஒட்டி வைத்தால் நுழைகிற வழியும் போச்சு.

சரி, நான் பிடிவாதமாக நின்றதால் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். குழியின் அளவை மாற்ற முடியாது, கட்டிங் போட்டாகிவிட்டது, அதற்குப் பதிலாகக் குழியின் மேல் பலகையில் இரண்டு, கீழ்ப் பலகையில் இரண்டு என்று காற்றுப் போகச் சந்து சந்தாக இருக்கும் நாலு அலுமினிய ஜாலி போட்டுத் தருகிறோம் என்றார்கள். எஸ்டிமேட்டில் தனியாக ஒரு வரி சேர்த்து அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார்கள். அந்த பில் என்னிடம் இருக்கிறது. வேலை முடிந்து பார்த்தபோது ஜாலி நாலும் பளபளவென்று இருந்தன. சந்தோஷமாக மிச்சப் பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

மாசி வரை ஒரு தொல்லையும் இல்லை. பங்குனி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை துடைத்துக்கொண்டிருந்த அத்தை கூப்பிட்டார்கள், "இன்னாம்மா, பலகை இப்படிக் கொதிக்குது, கைய வெச்சுப் பாரு" என்றார்கள். லாஃப்டின் அடிப்பலகை. உள்ளங்கையை வைத்தால் சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்கப் பிடிக்கவில்லை. சித்திரை பிறந்து சில வாரத்தில், சீரியல் நடுவில் டிவி தானாக அணைந்து தானாகத் திரும்ப வர ஆரம்பித்தது.

மீன் தொட்டிக்குப் போடும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது, ஒயரின் நுனியில் சென்சார் இருக்கும், விலை மிகக் குறைவு. கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி இதற்கு உதவாது, அது பெரும்பாலும் உடம்புச் சூட்டின் அளவுக்குள்தான் காட்டும். மீன் தொட்டி தெர்மாமீட்டரின் ஒயரை டிவிக்குப் பின்னால், மேல் ஓட்டை வரிசைக்குக் கொஞ்சம் மேலே காற்றில் தொங்கும்படி விட்டேன், டிவியின் உடம்பில் படாமல். ஹாலில் 37. குழிக்குள் 47. செட்டாப் பாக்ஸ் இருந்த கண்ணாடி அறைக்குள்ளும் அதற்கு ஒட்டின அளவுதான், டிவியை அணைத்த பிறகும் அங்கே இறங்கவே இல்லை, ஏனென்றால் பல செட்டாப் பாக்ஸ்கள் ரிமோட்டில் அணைத்தாலும் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும், கிட்டத்தட்ட அதே சூட்டில்.

47 என்றதும் ஜாலி மேல் சந்தேகம் வந்தது. மேல் ஜாலிக்குள் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஜாலியின் சந்து வழியாக லாஃப்டுக்குள் இருட்டு தெரிய வேண்டும், எனக்குத் தெரிந்தது பழுப்பு நிறப் பிளைவுட்டும் அதன் மேல் காய்ந்துபோன பசைக் கோடும். பலகையை வெட்டவே இல்லை. வெட்டாத பலகையின் மேல் ஜாலியை அப்படியே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலும் அதே கதை. ஒரு தென்னங்குச்சியை விட்டுப் பார்த்தேன், அரை இன்ச் கூடப் போகவில்லை.

எனக்கு இதில்தான் கோபம். இடைவெளி குறைந்தது டிசைன் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் காரணம் சொல்லிக் கேட்ட ஒன்றை, தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, பார்வைக்கு இருப்பதுபோல் ஒட்டிவிட்டுப் போவது ஏமாற்று வேலை. போன் செய்தபோது அவர்கள் சொன்ன விளக்கம், ஓட்டை போட்டால் பல்லி, கரப்பான் உள்ளே போகும், அதனால் பையன்கள் அடைத்தே விட்டிருப்பார்கள் என்று. பல்லி பயம் நியாயமான பயம்தான். டிவியின் முதுகுச் சூட்டுக்குப் பல்லி வந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே போர்டில் விழுந்து ஷார்ட் ஆவதும் நடக்கிற விஷயம். அதற்கு ஜாலிக்குப் பின்னால் ஸ்டீல் கொசுவலை ஒரு துண்டு வைத்தால் போதும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் காற்றும் தடைபடாது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

டிவி கம்பெனியிலிருந்து வந்த சர்வீஸ் தம்பி நன்றாக விளக்கினார். இப்போதைக்கு எதுவும் கெடவில்லை, சூடு எல்லை தாண்டும்போது பாதுகாப்புக்காகத் தானே அணைகிறது, ஆனால் இப்படியே இன்னும் ஒரு கோடை ஓடினால் கெடும் என்றார். எப்படிக் கெடும் என்று கேட்டேன். பவர் போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்குள் திரவம் இருக்கிறது, சூட்டில் அது மெல்ல மெல்ல வற்றும், பிறகு மண்டை உப்பி நிற்கும். எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு, கெப்பாசிட்டர் இருக்கும் இடத்தில் 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். எங்கள் வீட்டுக் கணக்கில் சரியாக அந்தப் 10 டிகிரியைத்தான் இந்த யூனிட் கூட்டி வைத்திருக்கிறது. அடுத்தது பின்னால் இருக்கும் எல்இடி பட்டை. ஒவ்வொரு எல்இடி மேலும் வெளிச்சத்தைப் பரப்பச் சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டியிருப்பார்கள், பல வருஷச் சூட்டில் பசை விட்டு அது கழன்று விழும், அப்போது திரையில் அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக வட்டம் வட்டமாகத் தெரியும். சொந்தக்காரர் வீட்டில் இப்படி நிலா நிலாவாகத் தெரிகிற டிவியைப் பார்த்திருக்கிறேன், காரணம் இதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பட்டை மாற்றத் திரையையே கழற்ற வேண்டும், கழற்றும்போது கண்ணாடி விரிந்தால் புது டிவி வாங்குவதும் ஒன்றுதான்.

அவர் போகும்போது ஒரு காரியம் செய்தார், காசு செலவில்லாதது. படத்தின் மோடு விவிட் என்று இருந்தது. அது ஷோரூம் வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்திருப்பது, பின் வெளிச்சம் முழு அளவில் எரியும். அதை ஸ்டாண்டர்டுக்கு மாற்றி பேக்லைட்டைக் குறைத்துவிட்டார். இழுக்கும் கரண்ட் குறைந்தால் சூடும் குறையும். கண்ணுக்கும் இதுதான் நன்றாக இருக்கிறது, அத்தை ஒரு வித்தியாசமும் சொல்லவில்லை. வேலூரில் டிவி வைத்திருக்கிற எல்லோரும் இன்றைக்கே இதைச் செய்யலாம். கூடவே, டிவிக்கு உறை தைத்துப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், பூ வேலை செய்த அந்தத் துணி உறைகள் பின் ஓட்டைகளைத்தான் முதலில் மூடும்.

கடைக்காரர்கள் வருகிறோம் வருகிறோம் என்றே இழுத்தார்கள், கத்திரி அதற்காகக் காத்திருக்காதே. வேலப்பாடியிலிருந்து எங்களுக்குப் பழக்கமான ஆசாரி ஒருவரை வரச் சொன்னோம். வந்தவர் ஜாலியை உளியால் நெம்பி எடுத்து, வெறும் பலகையைப் பார்த்து, "இன்னாம்மா இது, ஓட்டையே போடாம ஒட்டி வெச்சிக்கீறாங்க" என்று என்னைப் பார்த்தார். அவர் செய்த வேலையை விவரமாக எழுதுகிறேன், இதே மாதிரி யூனிட் ஏற்கனவே வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் பீடிங்கைக் கழற்றி எறிந்தார், பக்கத்து இடைவெளி திரும்பக் கிடைத்தது. டிவிக்குப் பின்னால் இருந்த பிளைவுட்டில் டிவி மறைக்கும் அளவுக்குள் ஒரு பெரிய சதுரத்தை அறுத்து எடுத்தார், இப்போது டிவியின் முதுகுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் நல்ல இடம், முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிராக்கெட் பலகையில் மட்டும் மாட்டியிருந்தது, அதை மரச் சட்டம் வைத்து நீள ஸ்குரூவால் சுவரிலேயே பிடிக்க வைத்தார். மேல் பலகையில் டிவியின் அகலத்துக்கு நீளமாக மூன்று விரல் அகலச் சந்து, லாஃப்டின் பின்பக்கம் வழியாக அந்தச் சூடு மேலே போய், உத்தரத்துக்குக் கீழே யூனிட்டின் நெற்றியில் போட்ட இன்னொரு சந்து வழியாக வெளியேறும். மேலே மட்டும் ஓட்டை போட்டுக் கீழே விட்டுவிட்டால் வேலைக்காகாது, உள்ளே வருகிற காற்று இருந்தால்தான் வெளியே போகிறது போகும், அதனால் கீழ்ப் பலகையிலும் அதே அளவு சந்து. எல்லாவற்றுக்கும் பின்னால் ஸ்டீல் வலை. புரொஃபைல் லைட்டின் டிரைவரை அங்கிருந்து எடுத்து ஓரத்துக்குத் தள்ளினோம். செட்டாப் பாக்ஸும் ரவுட்டரும் கண்ணாடி அறையிலிருந்து பக்கத்தில் இருந்த திறந்த தட்டுக்கு வந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் தனித்தனியாக. ஸ்டெபிலைசரை எடுத்தே விட்டோம், இப்போதைய டிவிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்களே சமாளிக்கின்றன, டிவியின் பின்னால் ஸ்டிக்கரில் அப்படி எழுதியிருந்தால் ஒரு நல்ல ஸ்பைக் கார்டு போதும்.

இதற்கு மேல் என் மச்சினர் ஒரு சின்ன ஃபேன் வாங்கி வந்து மேல் சந்துக்குப் பின்னால் வைத்தார், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஓடுகிற ரகம், ஆனால் 5 வோல்ட் யுஎஸ்பி ஒயரோடு வருவது. அதை டிவியின் யுஎஸ்பி துளையிலேயே சொருகியிருக்கிறோம். டிவி போட்டால் ஃபேன் ஓடும், அணைத்தால் நிற்கும், யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காற்றை வெளியே இழுக்கிற பக்கமாக வைக்க வேண்டும், உள்ளே ஊதும்படி வைத்தால் தானாக மேலே ஏறுகிற சூட்டை எதிர்த்துத் தள்ளும். சத்தம் பக்கத்தில் காது வைத்தால்தான் கேட்கிறது.

கத்திரி முடிவதற்குள் அளந்துவிட்டேன். ஹாலில் அதே 37, டிவிக்குப் பின்னால் அதே இடத்தில் 41. ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்த்தால் 42, 43. அதாவது முக்கால்வாசி வித்தியாசத்தைக் கொடுத்தது பலகையில் போட்ட சந்துதான், ஃபேன் அதற்கு மேல் ஒரு உதவி. வெறும் சந்துகளைக் கடைக்காரர்கள் முதலிலேயே வெட்டியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது. டிவி அதற்குப் பிறகு தானாக அணையவில்லை.

ஹாலில் ஏசி இருந்தால் இதெல்லாம் வேண்டாமே என்று கேட்பவர்களுக்கு: ஏசிக் காற்று அடைத்த குழிக்குள் போகாது, உள்ளே இருக்கும் அதே காற்றுதான் சுற்றும். ஏசியை டிவிக்கு நேர் மேலே வைத்துப் படம் வரைந்து காட்டும் டிசைனர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள், டிரெயின் பைப்பில் அழுக்கு அடைத்தால் தண்ணீர் நேராக டிவி மேல்தான் சொட்டும்.

புதிதாகச் செய்யப்போகிறவர்களுக்கு நான் குழியே வேண்டாம் என்பேன். பலகையைச் சுவரில் தட்டையாக அடித்து, அதன் முகத்தில் டிவியை மாட்டிவிடுங்கள், பக்கங்களில் அலமாரி, மேலே இரண்டடிக்கு ஒன்றும் வேண்டாம். நாலு பக்கமும் திறந்த இடம், ஓட்டையும் வேண்டாம், ஜாலியும் வேண்டாம். காசும் குறையும். குழி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் டிவியின் நிஜ அகலம் உயரத்தை டேப் வைத்து அளந்து, பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர், மேலே அதைவிட அதிகம் விட்டு, அந்த எண்களைப் படத்திலேயே எழுதி வாங்குங்கள். பிற்பாடு 65 இன்ச் வாங்கும் எண்ணம் இருந்தால் அந்த அளவுக்கு இப்போதே விடுங்கள். வேலை முடிந்த அன்றைக்கு, பணம் தருவதற்கு முன்னால், ஒவ்வொரு ஜாலிக்குள்ளும் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.

கடைக்காரர்கள் போன வாரம் ஆள் அனுப்பினார்கள். வந்தவர் அறுத்த பலகையையும் நான் எடுத்து வைத்திருந்த நாலு ஜாலியையும் போட்டோ எடுத்துக்கொண்டார், மரியாதையாகத்தான் பேசினார். ஜாலிக்கு வாங்கிய காசைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டார்கள், ஆசாரி கூலியைத் தர முடியாது என்கிறார்கள். அவர்கள் செய்யாத வேலையைத்தான் அவர் செய்தார், அதனால் கூலியையும் சேர்த்துக் கேட்டு, பில் நகலோடு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இதிலேயே கீழே சேர்க்கிறேன். அதுவரை ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் டிராயருக்கும் பிளைவுட்டுக்கும்.